பறக்கும் பொருள் தொடர்பாக

முதல் மனு செவ்வாய்க்கிழமை.
கருவாடு காயவைக்கும் குணபூஷணி
விரல் நுனியில் செதிலோடு சொல்ல, ரைட்டர் நான் எழுதினேன்.
"மேல ரீங்காரம் கேட்டதும் காக்கா எல்லாம் ஓடிப்போவுது சார்."
நல்லதுதானே என்றேன்.
"காக்கா போவட்டும். நான் தலைக்கு ஊத்திக்கிட்டுக்
கீத்து மறைப்புல நிக்கிறேன்.
நாலு பக்கம்தான் சார் கட்டினோம்.
அஞ்சாவது பக்கம் வரும்னு யாரு கண்டா?"

இரண்டாவது, அஞ்சாப்புலி. கூடப் பதினோரு பேர்.
"போன தடவை இதே மாதிரி ஒண்ணு பறந்துச்சு.
மறு மாசம் மஞ்சப் பெயின்ட் அடிச்ச கல்லு நட்டாங்க.
இது எந்த டிபார்ட்மென்ட்?"
விளையாட்டுக்கு விடுகிறான் என்றால் நம்பவில்லை.
அவ்வளவு காசு போட்டு எவன் விளையாடுவான்?
அந்தக் கேள்வியையும் மனுவில் சேர்க்கச் சொன்னார்கள்.
சேர்த்தேன்.

மூன்றாவதில் பெயரில்லை.
சில்வர் பீச் சவுக்குத் தோப்பில்
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ இருவர்.
பிழையில்லாத, பயந்து சாய்ந்த எழுத்து.

பென்ஷன்காரர் வரதராஜுலு போனில் வந்தார்.
வாடகை கேட்டு வாசலில் நிற்கும் கொசு மாதிரி ஒரு சத்தமாம்,
மத்தியானத் தூக்கம் போச்சாம்.
அதற்குப் பிரிவு ஏதும் இல்லை என்றேன்.
"கொசுவுக்கு மட்டும் இருக்கா?" என்று வைத்துவிட்டார்.

பையனைக் கூட்டி வந்தோம்.
ஹரிகோவிந்தன். சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
பகலில் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் விடுகிறேன் என்றான்.
மேசைமேல் வைத்தான் அதை.
கால் மடக்கிய நண்டு.
இவ்வளவு பெரிய சண்டைக்கு
இவ்வளவு சின்ன உடம்பு.
அஞ்சாப்புலி ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்து
"வாடைக் காத்துக்கு இது தாங்காது தம்பி" என்றார்.
பிறகு ஞாபகம் வந்து முறைத்தார்.

பதிவைப் பார்க்கும் வேலை என் தலையில்.
நாற்பத்திரண்டு நிமிடம்.
பெண்ணையாற்று முகத்துவாரம். ஆற்றுத் தண்ணீர்
கடலோடு ஒட்டாமல் வெகுதூரம் தனியாகப் போகிறது.
கழற்றிப் போட்ட செருப்புகளாய்ப் படகுகள்.
ஒரு மாடு.
கீற்று மறைப்பு வருகிறது, போகிறது,
கேமரா பார்க்கவில்லையா
பார்க்காதது போல் பார்த்ததா, தெரியவில்லை.
பிறகு போலீஸ் குடியிருப்பு.
சி பிளாக். என் மொட்டை மாடி.
காலை பதினொன்று இருபது.
தண்ணீர்த் தொட்டி மேல் அமிர்தவல்லி,
காலைத் தொங்கவிட்டு.
மடியில் முருங்கைக்கீரை இல்லை, முறம் இல்லை, ஒன்றும் இல்லை.
நிமிர்ந்து பார்க்கிறாள்.
ஓடவில்லை. முந்தானையை இழுக்கவில்லை.
கையை உயர்த்தி ஆட்டுகிறாள்,
ரயிலுக்குப் பிள்ளைகள் டாட்டா காட்டுவார்களே, அப்படி.
படம் சற்று நின்று
இடமும் வலமும் அசைந்து
நகர்ந்துவிடுகிறது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம்.
அந்தக் கையை நான் பார்த்ததில்லை.
திரும்ப ஓட்டினேன்.
எதிர் மேசைக் கான்ஸ்டபிள் டீயோடு வந்ததும் நிறுத்தினேன்.

'ஆட்சேபகரமாக ஏதுமில்லை' என்று எழுதி
குணபூஷணியின் அஞ்சாவது பக்கம் ஞாபகம் வர
அடித்தேன்.
'குடியிருப்புகளின் மேல் இயக்கக் கூடாதென
எச்சரித்து எழுதி வாங்கப்பட்டது.'
கையெழுத்துப் போடுமுன் பையன் கேட்டான்:
"எல்லா மாடியுமா சார்?"
எல்லாம்தான் என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.

ராத்திரி அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.
இந்தப் பக்கம் ட்ரோன் ஏதாவது பறக்குதா?
"இங்க எதுக்கு வருது?"
திருப்பிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, கோர்ட்டுக்குப் போகிற வழியில்
குடியிருப்பு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.
பதினொன்று இருபது.
தொட்டிமேல் அவள். வானம் காலி.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கையைத் தூக்கினேன்.
அவள் கீழே பார்க்கவில்லை.